ஆற்றாமைக் காப்பகம்

அந்தப் பெயர்ப்பலகையை மாட்டிய நாளிலேயே வம்பு தொடங்கிவிட்டது. ஆற்றில் வாழும் ஆமைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. வலையில் சிக்கியவை, படகு விசிறியில் ஓடு பிளந்தவை, மணல் அள்ளும் இயந்திரத்துக்குத் தப்பியவை என்று வந்து சேரும் எல்லா ஆமைக்கும் அங்கே ஒரு தொட்டியும் மருந்தும் உண்டு. காப்பகத்தை நடத்தும் டாக்டர் படித்தது கால்நடை வைத்தியம்தான். ஆனால் இலக்கணம் என்று வந்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆறும் ஆமையும் சேர்ந்தால் ஆற்றாமை என்றுதான் வரும், பிரித்து எழுதுவது தப்பு என்று பெயிண்டரிடம் அடித்துச் சொல்லி, ‘ஆற்றாமைக் காப்பகம்’ என்று ஆள் உயர எழுத்தில் எழுத வைத்துவிட்டார். மனசு தாங்காத துயரத்துக்கும் அதே பெயர்தான் என்பது பெயிண்ட் காய்ந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஒருநாள் ஓர் அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கி, நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மகன் தன்னோடு பேசுவதே இல்லை என்று அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்துத் தொட்டியில் ஒரு ஆமை கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. டீ கொடுத்து, முழுக்கதையும் கேட்டுத்தான் அனுப்பினார்கள். மனசு லேசாயிடுச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீ கொடுத்தது ஆமை டீச்சர். அவளுக்கு வேறு பெயர் இருந்தது. பிள்ளைகள் அதை என்றைக்கோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆமையைப் பற்றிப் பாடம் சொல்வதுதான் அவள் வேலை. வேலைதான் ஆமையோடு, வாய் என்னவோ எக்ஸ்பிரஸ். அவள் பேசி முடித்த பிறகுதான் கேட்டவர்களுக்கு முதல் வரி புரியும் என்று அவளுடைய அண்ணி சொல்வாள். அந்த அண்ணிதான் காப்பகத்தின் வேன் டிரைவர். முன்பு ஸ்கூல் பஸ் ஓட்டியவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வண்டியில் ஒரே சம்பள இடத்துக்குப் போய் வருவதை அண்ணன் அதிசயமாகப் பார்த்துக்கொண்டு, நடுவில் தலையிடாமல் புத்திசாலித்தனமாக இருந்தான்.

பிரச்சினை ஸ்டிக்கரில் தொடங்கியது. பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு ஸ்டிக்கர் அச்சடிக்க வேண்டும். ‘ஆற்றாமையைக் கண்டால் ஆற்றோரத்தில் விடுக’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

“துக்கத்தைப் பார்த்தா ஆத்துல தள்ளிவிடுன்னு படிப்பாங்க டாக்டர்” என்றாள் ஆமை டீச்சர். “போர்டுல பட்டதே போதும். ‘ஆமையைக் கண்டால் தண்ணீரில் விடு’. அவ்வளவுதான். சின்னப் பசங்க வாயில சட்டுனு உட்காரும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆமைன்னா எந்த ஆமைம்மா? தரையில வாழற ஆமையும் ஆமைதானே. மேட்டுப் பக்கம் முள்ளுக்காட்டுல இருக்கு. அதைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?”

“அதை யாரு பார்த்திருக்கா டாக்டர்? நானே பார்த்ததில்ல. நாம போறதெல்லாம் ஆத்தங்கரைப் பள்ளிக்கூடம்.”

டாக்டருக்கு அன்று ஓர் ஆமையின் பிளந்த ஓட்டை ஒட்டவைக்கும் வேலை காத்திருந்தது. சரி, உன் இஷ்டம் என்றார். ஆமை டீச்சருக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் கால் தரையில் பாவவில்லை. நான்கே சொல்லில் நறுக்கென்று ஒரு பாடத்தையே அடக்கிவிட்டோம் என்று நினைத்தாள்.

ஸ்டிக்கரும் அவளும் பேர் வாங்கிவிட்டார்கள். ஆத்தங்கரையைத் தாண்டியும் அழைப்பு வர ஆரம்பித்தது. அப்படித்தான் கல் உடைக்கும் இடத்தையும் கடந்து, தார் ரோடு முடியும் இடத்திலிருந்த மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஜன்னல் கம்பியிலெல்லாம் கல் தூசி வெள்ளையாகப் படிந்திருந்த நீளமான வகுப்பறை. பிள்ளைகள் தூசியில் விரலால் பெயர் எழுதியிருந்தார்கள். ஆமை டீச்சர் வழக்கம்போல ஃபைபரில் செய்த பெரிய ஆமை ஓட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நுழைந்த உடனேயே வகுப்பு அவள் கைக்கு வந்துவிட்டது.

“இது ஆமையோட வீடுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க” என்றாள். “இது அதோட முதுகெலும்பு. விலா எலும்பு. எல்லாம் சேர்ந்து விரிஞ்சு ஓடாயிடுச்சு. ஓட்டை விட்டு வெளிய வான்னு ஆமையைக் கூப்பிடறதும், உன் எலும்பை விட்டு வெளிய வான்னு உன்னைக் கூப்பிடறதும் ஒண்ணுதான்.”

வகுப்பு லீடர் உயரமான பையன். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிற அதிகாரம் அவனுக்கு இருந்தது. ஓட்டை முதுகில் மாட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே தவழ்ந்து காட்டியதும் அவன்தான். அதற்குப் பிறகு ஆற்றாமையின் காலைப் படத்தில் காட்டினாள். விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோலத் தோல், நீந்தும்போது துடுப்பு. மூக்குத் துவாரம் முகத்தின் நுனியில் இருப்பதால், உடம்பெல்லாம் நீருக்குள் இருக்கும்போதே நுனியை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும். முட்டையிட மட்டும் மணல்திட்டுக்கு ஏறி வரும். மணல் சூடாக இருந்தால் குஞ்சுகள் பெண், கொஞ்சம் குளிர்ந்திருந்தால் ஆண்.

“அப்ப பொண்ணுங்கதான் சூடு டீச்சர்” என்றான் லீடர். பெண்கள் பெஞ்சு அவனை ஒரு பார்வை பார்த்தது.

மணலையே அள்ளிக்கொண்டு போய்விட்டால் அந்த ஆமை எங்கே போய் முட்டையிடும் என்று அவள் கேட்டபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கரையில் வழி தவறி நிற்கும் குஞ்சை இரண்டு கையாலும் எப்படி எடுக்க வேண்டும், எந்தப் பக்கம் தலை இருக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். கடைசியில் அவளுடைய புகழ் பெற்ற கேள்வி.

“ஆமை வீடு எது?”

“தண்ணி!” என்று வகுப்பே கூரையைப் பெயர்த்தது.

ஸ்டிக்கரைக் கொடுத்துவிட்டுச் சாமான்களைக் கட்டும்போது ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கியபடியே பக்கத்தில் வந்து நின்றாள். எப்போதும் கை தூக்கியபடி இருப்பதால் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். “ஆமை பேசாதே டீச்சர். அப்புறம் அது எங்க இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“காலு சொல்லும்டா” என்றாள் ஆமை டீச்சர், ஓட்டைத் துணியில் சுற்றிக்கொண்டே. “எந்த உயிரைப் பார்த்தாலும் முதல்ல காலைப் பாரு. நீந்துதா, நடக்குதா, தோண்டுதான்னு காலு சொல்லிடும்.” மணி அடித்தது. தான் சொன்னதை அவள் வாசல்படி தாண்டுவதற்குள் மறந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் அண்ணி கியரை மாற்றிக்கொண்டே கேட்டாள். “ஏன்டி, இந்தப் பக்கம் ஆறும் இல்ல, குளமும் இல்ல. தண்ணியில விடுன்னா எங்க விடுவாங்க? குடத்துலயா?”

“அண்ணி, ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க.”

“ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டறேன். அதான் ஆறு இல்லைன்னு தெரியுது.”

அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் காப்பகத்தின் பின்கட்டில் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மேட்டுப் பள்ளியின் தலைமையாசிரியை. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். குரலில் பெருமை வழிந்தது.

“உங்க பாடம் வீண் போகல டீச்சர். எங்க பசங்க நேத்து ஒரு ஆமையைக் காப்பாத்திட்டாங்க. மைதானத்துக்குப் பின்னாடி முள்ளுக்காட்டுல நடந்து போயிட்டிருந்துச்சாம். பாவம், வழி தெரியாம. லீடர் பையன் ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து, நீங்க சொன்ன மாதிரியே தண்ணியில விட்டுட்டான்.”

ஆமை டீச்சரின் கையிலிருந்த தேய்ப்பான் அப்படியே நின்றது. “எந்தத் தண்ணியில மேடம்?”

“நம்ம மழைத்தண்ணித் தொட்டியிலதான். சிமெண்டு தொட்டி. நல்ல ஆழம்.”

“இப்ப என்ன பண்ணுது?”

“அடியில போய் நிம்மதியா உட்கார்ந்திருக்கு. காலையிலகூடப் போய்ப் பார்த்தேன். அசையவே இல்ல. அவ்வளவு சாது.”

“ஓடு தட்டையா இருக்கா மேடம், மேடா இருக்கா?”

“நல்ல மேடு. கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி. சரி, பெல் அடிச்சாச்சு, நீங்க இன்னைக்கே வாங்க, பசங்களுக்கு உங்க கையால ஒரு பரிசு...” சொல்லிக்கொண்டே அவர் போனை வைத்துவிட்டார். மேடம், வெளியில எடுங்க என்று ஆமை டீச்சர் கத்தியது வெறும் போனில்தான் விழுந்தது. திரும்பக் கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பு நேரத்தில் பெரிய டீச்சர் போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்.

மேடான ஓடு, முள்ளுக்காடு, அடியில் போய் உட்கார்ந்தது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், தத்தளித்து மூக்கை மேலே நீட்டும், ஏறி வர ஒரு பிடிப்பு தேடும். வழவழப்பான சிமெண்டுச் சுவரில் அதற்கு என்ன பிடிப்பு கிடைக்கும்?

டாக்டர் அறுவை அறையில் இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினார். “போ. போய் எடுத்ததும் தலைகீழாப் பிடி, வாய் வழியாத் தண்ணி வடியட்டும். அசைவு இல்லைன்னாலும் உயிர் போயிடுச்சுன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணாத. எனக்குப் போன் பண்ணு.” அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சொன்னேனே என்று அவர் ஒரு முறை சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வேனில் அவள் வாயே திறக்கவில்லை. இது அண்ணி பார்த்தறியாத காட்சி. கல் லாரிகளை முந்திக்கொண்டு, தூசிக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு அண்ணி வண்டியை விரட்டினாள். ஆமை டீச்சர் போனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். ஆமைகளுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தாள். எத்தனையோ ஆமைகளின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பிடுங்கிய கை அது. நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு ஆமையை, நான்கு வார்த்தையில், ஐம்பது பிள்ளைகளின் கையால் மூழ்கடித்துவிட்டோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் அதைவிடப் பயமாக இருந்தது. காப்பாற்றினோம் என்று சந்தோஷமாக இருப்பவர்களிடம் போய், கொன்றுவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது?

“அழணும்னா அழுதுடு” என்றாள் அண்ணி. “நம்ம போர்டுல போட்டிருக்கறதே அதுக்குத்தானே.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஆமை டீச்சர் உண்மையிலேயே அழுதுவிட்டாள். அண்ணி ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுவதும் தொட்டியைச் சுற்றி வரிசையாக நின்றது. லீடர் கையில் காகித மாலை. பெரிய டீச்சர் பட்டுப் புடவையில் இருந்தார். ஆமை டீச்சர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராகப் போய்த் தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். கலங்கல் தண்ணீரின் அடியில் பழுப்பாக, மேடாக, அசையாமல் அது இருந்தது. விரல் பட்டது. சில்லென்று இருந்தது. காலையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது போலும், எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மேலே எடுத்தாள்.

கையில் இருந்தது ஒரு மண் கிண்ணம்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற கிண்ணம். கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி என்று பெரிய டீச்சர் போனில் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

“இது என்ன ஜாதி ஆமை?” என்று கேட்டாள் அண்ணி.

வரிசையின் கடைசியில் ஒரு கை உயர்ந்தது. வழக்கமாக விறைப்பாக நிற்கும் கை, அன்று பாதி உயரத்தோடு நின்றுவிட்டது.

“நான்தான் டீச்சர் மாத்தி வெச்சேன்” என்றாள் கேள்விக்குறி.

“ஆமை எங்கடா?”

“என் பையில. வகுப்புல இருக்கு.”

எல்லோரும் வகுப்பறைக்கு ஓடினார்கள். இரண்டாவது பெஞ்சின் கீழே புத்தகப் பை பாதி ஜிப் திறந்தபடி இருந்தது. புத்தகமெல்லாம் வெளியே அடுக்கியிருந்தது. ஆமை டீச்சர் தரையில் மண்டியிட்டுப் பையின் வாயை விரித்தாள். உள்ளே காய்ந்த புல் மெத்தையில் அது உட்கார்ந்திருந்தது. கருத்த ஓடு, ஓட்டில் குட்டிக் குட்டி மேடுகள், ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலா பக்கமும் பிரிந்து இறங்கின. தோல் மடிப்பு விழுந்த கழுத்தை மெல்ல வெளியே நீட்டி, யாரோ கணக்குப் பாடத்தின் நடுவே எழுப்பிவிட்ட மாதிரி, ஒருமுறை கண் சிமிட்டியது.

ஆமை டீச்சர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உயிரோடிருக்கிற ஒன்றைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஈரக் கையால் டாக்டருக்குப் போன் போட்டாள். மூக்கில் நுரை இருக்கிறதா, மூச்சில் இரைச்சல் கேட்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். “அப்ப ஆமைக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு?” என்றார்.

கேள்விக்குறி தானாகவே சொன்னாள். “நேத்து எல்லாரும் போனப்புறம் எட்டிப் பார்த்தேன் டீச்சர். அது நீந்தவே இல்ல. சுவத்தைப் பிராண்டிட்டே இருந்துச்சு. மூக்கை மேல தூக்கும், உள்ள போயிடும். அப்ப காலைப் பார்த்தேன். படத்துல இருந்த மாதிரி விரலுக்கு நடுவுல தோல் இல்ல. உருண்டையா, தூண் மாதிரி, குட்டி யானைக்கால் மாதிரி இருந்துச்சு. வாளியை விட்டு எடுத்துட்டேன். தொட்டி காலியா இருந்தா தேடிப் பிடிச்சு மறுபடியும் உள்ள போட்டுருவாங்கன்னு கிண்ணத்தைப் போட்டேன். காட்டுல விட்டாலும் பிடிச்சுருவாங்கன்னு ராத்திரி வீட்டுல வெச்சிருந்து, காலையில பையிலயே கொண்டு வந்தேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார் பெரிய டீச்சர்.

“தூக்கிட்டு வரும்போதே லீடர்கிட்ட சொன்னேன், காலு வேற மாதிரி இருக்குன்னு. ஸ்டிக்கர்ல அச்சடிச்சிருக்கேன்னு சொன்னான். உங்ககிட்டயும் சொன்னேன் டீச்சர். நீங்களும் ஸ்டிக்கரைத்தான் காட்டுனீங்க.” பிறகு ஆமை டீச்சர் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “ஸ்டிக்கரும் நீங்க குடுத்தது. காலைப் பாருன்னு சொன்னதும் நீங்கதான். ரெண்டுல எதை நம்பணும் டீச்சர்?”

பெரிய டீச்சர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. பரிசைக் குடுத்துடலாமா?”

“குடுக்கலாம் மேடம். முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்.” அவள் எழுந்து நின்றாள். “ஸ்டிக்கரை நம்பாதீங்க. அது தப்பு. இது தண்ணி ஆமை இல்ல, தரை ஆமை. தண்ணியில போட்டா செத்துப்போயிடும். தரையிலயும் ஆமை இருக்குன்னு எனக்குச் சொன்னாங்க. நான்தான் கேட்கல. படிக்கச் சுருக்கமா இருக்கணும்னு பாதியை வெட்டிட்டேன்.”

லீடரின் கையில் காகித மாலை கசங்கிக்கொண்டிருந்தது. “அப்ப நான் அதைக் கொல்லப் பார்த்தேனா டீச்சர்?”

அவள் அவன் முன்னால் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். “நீ இல்லப்பா. நீ நான் சொன்னதை அப்படியே செஞ்ச. கொல்லப் பார்த்தது நான்.”

அவன் அழுதுவிட்டான். கேள்விக்குறி தன் கைக்குட்டையை அவனிடம் நீட்டினாள். அது ஆமையைத் துடைத்த கைக்குட்டை, மண்ணும் புல்லுமாக இருந்தது. அவன் அதை மறுக்காமல் வாங்கித் துடைத்துக்கொண்டதை ஆமை டீச்சர் பார்த்தாள்.

பிறகு எல்லோருமாக மைதானத்துக்குப் பின்னால் போனார்கள். பையை லீடரும் கேள்விக்குறியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். நேற்று தூக்கும்போது சட்டையெல்லாம் ஒண்ணுக்குப் போய்விட்டது என்று லீடர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்க” என்றாள் ஆமை டீச்சர், தானும் சிரித்துக்கொண்டே. “மழை பெய்யும்போது வயிறு முட்டக் குடிச்சு, உடம்புக்குள்ளயே சேர்த்து வெச்சுக்கும். மழை இல்லாத காலத்துக்கு அதுதான் தண்ணி. யாராவது தூக்கினா பயத்துல அத்தனையும் கொட்டிடும். அதனாலதான் சும்மா கையில எடுத்துப் பார்க்கக்கூடாது.” அப்புறம் கேள்விக்குறி பக்கம் திரும்பினாள். “நீ எடுத்தது வேற. தண்ணியில கிடந்ததை யாராவது எடுத்துத்தான் ஆகணும்.”

விடுவதற்கு முன் ஒரு தட்டில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி அதன் முன்னால் வைத்தார்கள். கழுத்தை நீட்டி, மூக்கு வரைக்கும் முகத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அது குடித்தது. தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. நேற்றெல்லாம் தண்ணீரிலேயே கிடந்த ஜீவன் இப்போதுதான் தண்ணீரைக் குடிக்கிறது என்று அண்ணி மெதுவாகச் சொன்னாள்.

நேற்று எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது என்று கேட்டாள். பெரிய பாறைப் பக்கம் என்று லீடர் காட்டினான். அதே திசையைப் பார்த்து இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஓடு மட்டும் இருந்தது. பிறகு தலை வந்தது, பிறகு நான்கு கால்களும் ஊன்றி உடம்பைத் தரையிலிருந்து தூக்கியது. வளைந்த நகங்கள் சரளைக் கல்லைப் பற்றிக்கொண்டன. சரிவில் ஒரு கல்கூட உருளாமல் அது ஏறிப்போனதை ஆமை டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தண்ணீரில் உதவாத அந்தக் கால்கள் இந்தத் தரையில் என்ன அழகாக நடந்தன! முள்ளுக்கடியில் காய்ந்த புல்லில் வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஓட்டின் மஞ்சள் கோடுகள் அதோடு கலந்தன. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காணாமல் போய்விட்டது.

“எங்க போச்சு?” என்றது ஒரு குரல்.

“அங்கதான் இருக்கு” என்றாள் கேள்விக்குறி. “புல்லு மாதிரி ஆயிடுச்சு.”

“இது சும்மா கிடக்கற இடம்னுதான் நாங்க நினைச்சோம்” என்றார் பெரிய டீச்சர். கல் உடைக்கும் இடத்துக்கு இதையும் கேட்கிறார்கள் என்றும், கொடுத்துவிடலாம் என்று தானே பெற்றோர் கூட்டத்தில் சொன்னதாகவும், இனி அப்படிச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். பட்டுப் புடவையின் ஓரத்தில் முள் ஏறியிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

கொடுத்த ஸ்டிக்கரையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஆமை டீச்சர் சொன்னாள். எதற்கு என்று கேட்டாள் கேள்விக்குறி. பேனாவை எடுத்துத் தன் ஸ்டிக்கரில் ‘ஆமையை’ என்பதற்கு முன்னால் ‘ஆற்று’ என்று எழுதி, நடுவில் இடம் விட்டுவிட்டாள். ஆற்று ஆமையை. ‘தண்ணீரில்’ என்பதை அடித்துவிட்டு ‘ஆற்றோரத்தில்’ என்று எழுதினாள். மற்றவர்களும் பேனாவை எடுத்தார்கள்.

ஆமை டீச்சர் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். துக்கமும் இல்லை, குழப்பமும் இல்லை. ஒரு எழுத்து அகலத்துக்கு இடம் விட்டிருந்தால் போதும். அது அவளுக்கும் தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் டாக்டர் அந்த ஸ்டிக்கரை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “புணர்ச்சி தப்பு” என்றார். பிறகு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதை வைத்துக்கொண்டார்.

மண் கிண்ணத்தைப் பெரிய டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் ஆமை டீச்சர். இப்போதெல்லாம் வேனிலிருந்து ஃபைபர் ஓட்டோடு அதுவும் இறங்குகிறது. ஏற்கெனவே ஸ்டிக்கர் கொடுத்த பள்ளிகளுக்கெல்லாம் மறுபடி போனார்கள். ஆமை வீடு எது என்று கேட்பாள். பிள்ளைகள் பழைய பழக்கத்தில் தண்ணி என்று கத்துவார்கள். எந்த ஆமை என்று கேட்பாள். சட்டென்று வகுப்பு அடங்கிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டு, இது எப்படி இங்கே வந்தது என்ற கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள். நான் ஒரு ஆமையைக் கொல்லப் பார்த்தேன் என்றுதான் தொடங்குவாள். அண்ணி வாசலில் நின்று கேட்பாள். மற்ற பாடமெல்லாம் பழைய வேகம்தான். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஆமை டீச்சர் மெதுவாகப் பேசுகிறாள்.